வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்ட மோதல்

நிலாவின் மேல் ஒரு பொருள் போய் விழப் போகிறது என்று உங்களுக்கு மட்டும் தெரிந்தால், அதை எங்கே போய்ச் சொல்வீர்கள்? பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சங்கடம் வாழ்நாளில் ஒருமுறைகூட வருவதில்லை. டைம்கீப்பருக்கு வந்தது. அவர் சொல்லவும் போனார். அங்கே ஆரம்பித்தது வினை.

டைம்கீப்பர் என்றால், பஸ் நிலையத்தில் கம்பிவலை போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நோட்டில் எழுதுகிறவர். இருபத்திரண்டு வருடமாக அதையே எழுதிவந்தார். தாமதமாக வரும் ஒவ்வொரு ஓட்டுநரும் கையோடு ஒரு காரணத்தையும் கொண்டுவருவார்: டயர், மாடு, ரயில்வே கேட், மச்சினன். வானத்தில் சுற்றும் பொருள்கள் யாரிடமும் காரணம் சொல்வதில்லை, சொன்ன நேரத்துக்கு வந்துவிடும் என்று ஒருநாள் எங்கோ படித்தார். அன்றிலிருந்து அவருக்கு வானப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கண்ணாடி தேய்க்கக் கற்றுக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குக் குழிவான கண்ணாடி ஒன்றை எட்டு மாதம் தேய்த்து, ஆள் உயரக் குழாயின் அடியில் பொருத்தி, மொட்டைமாடியில் தொலைநோக்கியாக நிறுத்தினார்.

அவருடைய மனைவி வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருப்பவர். மாடியில் அவர் உரக்கச் சொல்லும் எண்களை நோட்டில் எழுதுவது அந்த அம்மாளின் உபதொழில். "பகல் பூரா பஸ்ஸு, பொழுது சாஞ்சா இது. என்னைக்காவது என்னை இப்படி உத்துப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் எழுதுவார். ஆனால் ஓர் எண்கூடத் தப்பாது. துணியில் அரை அங்குலம் பிசகினால் என்ன ஆகும் என்று தெரிந்த கை அது.

மூன்று மாதங்களுக்கு முன்னால் ஒரு மங்கலான புள்ளி அகப்பட்டது. நட்சத்திரங்களுக்கு நடுவே மெல்ல நகர்ந்தது. ஒன்பது வினாடிக்கு ஒருமுறை பளிச்சென்று ஆகி, மறுபடி மங்கியது. இந்த இரண்டு விஷயம் போதும், அது கல் இல்லை என்று சொல்லிவிடலாம். கல்லுக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது. நீளமான, வழவழப்பான ஏதோ ஒன்று குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகிறது. அகலவாட்டம் நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் வெயில் பட்டு மின்னுகிறது. அப்படியானால் அது என்றைக்கோ யாரோ விட்ட ராக்கெட்டின் மிச்சம். எரிபொருள் தீர்ந்ததும் கழற்றிவிட்ட காலி டப்பா. நீளம் ஏறக்குறைய ஒரு பஸ்.

அதன் பாதையைக் கண்டுபிடிப்பது மந்திரமில்லை. நட்சத்திரங்கள் நகராத மைல்கற்கள். எந்த வினாடியில் எந்த மைல்கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவைத்தால் போதும். மூன்று இடம் தெரிந்தால் பாதை எப்படி வளைகிறது என்று தெரியும். நாற்பது இடம் தெரிந்தால் எங்கே போய் முடியும் என்றே தெரிந்துவிடும். ஒரே தொல்லை, வெயில். வெளிச்சத்துக்கும் மிக மெல்லிய தள்ளு உண்டு. ஆள் நிறைந்த பஸ்ஸைக் காற்று ஒன்றும் செய்யாது, காலி பஸ்ஸைக் கொஞ்சம் ஆட்டும் அல்லவா? அதே கதைதான் இங்கேயும். அந்த ஆட்டத்தையும் கணக்கில் சேர்த்து, நாற்பத்தோராவது தடவை அளந்து முடித்தபோது, பாதை நேராக நிலாவில் போய் முட்டி நின்றது. அடுத்த மாதம், வியாழக்கிழமை, மாலை ஏழு மணி எட்டு நிமிடம் இருபது வினாடி. முன்னே பின்னே நான்கு வினாடி.

"யார்கிட்டயாவது சொல்லணும்ல?" என்றார் மனைவியிடம்.

"நிலாவுல யாராவது குடியிருக்காங்களா?"

"இல்லை."

"அப்ப யாருக்குங்க சொல்லணும்?"

அந்த நல்ல கேள்விக்கு அவர் காது கொடுத்திருக்கலாம்.

விண்பொருள் பதிவு மற்றும் ஒழுங்குத் துறை, நான்கு மாடிக் கட்டடத்தில் இருந்தது. வானத்தில் மனிதன் செய்த எந்தப் பொருள் எங்கே இருந்தாலும் அதை ஒரு பெரிய பதிவேட்டில் ஏற்றி, ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. பார்ப்பது என்றால் பதிவேட்டைப் பார்ப்பது. வானத்தைப் பார்க்கும் கருவி எதுவும் அங்கே இல்லை. நாற்பது வருடமாகத் தேவைப்படவும் இல்லை. வாசலில், "வானம் அனைவருக்கும் பொது. உள்ளே வருவோர் கையெழுத்திடவும்" என்று எழுதியிருந்தது.

டைம்கீப்பர் கையெழுத்திட்டு, தரைத்தளத்தில் பதிவு எழுத்தரின் மேசைக்கு வந்தார். எழுத்தர் நடுவயதுப் பெண்மணி. கண்ணாடி மூக்கின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. நிமிராமலே கேட்டார்.

"புகாரா, விண்ணப்பமா, ஆட்சேபணையா?"

"தகவலுங்க மேடம்."

"தகவலுக்கு ஃபாரம் கிடையாது சார்."

டைம்கீப்பர் விஷயத்தைச் சொன்னார். எழுத்தர் முழுக்கக் கேட்டார். பொறுமையில் குறை சொல்ல முடியாது. பிறகு ஏழாம் எண் படிவத்தை எடுத்தார்.

"அந்தப் பொருள் இப்ப எங்க இருக்குன்னு தெரியுமா?"

"இந்த நிமிஷம் எங்கேன்னே சொல்லலாம்."

"எங்க போகுதுன்னும் தெரியும்?"

"தெரியுங்க."

"வேற யாராவது அதைத் தன்னோடதுன்னு சொல்றாங்களா?"

"யாரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. விட்டவங்களே கணக்குல வச்சுக்கலை போல."

"அப்ப உரிமையாளர் நீங்கதான்," என்று எழுதத் தொடங்கினார் எழுத்தர்.

"ஐயையோ, மேடம்! நான் பார்த்தேன், அவ்வளவுதான்."

"பார்த்தவர்னு கட்டமே இல்லையே சார். உரிமையாளர்னுதான் இருக்கு. காலியா விட்டா மேல இருந்து திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க தகவல் உள்ளே போகணுமா, வேணாமா?"

தகவல் உள்ளே போகத்தான் வேண்டும். மேலும், இருபத்திரண்டு வருடமாக ஓட்டுநர்களைக் கையெழுத்துப் போடச் சொல்லியே பழகியவருக்கு, கோடு போட்ட இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. போட்டுவிட்டு வந்தார்.

பதினோராம் நாள் பதிவுத் தபால் வந்தது. மனைவி பிரித்து, மிஷினுக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தார்.

"'தங்களுக்குச் சொந்தமான 4417ஆம் எண் பொருள், முன் அனுமதியின்றி நிலாவை நோக்கிச் சென்றுகொண்டிருப்பது தங்கள் ஒப்புதல் வாக்குமூலத்தின் வாயிலாகவே தெரியவந்துள்ளது. பதினைந்து நாட்களுக்குள் மேற்படி பொருளைப் பாதையிலிருந்து அப்புறப்படுத்தி, அப்புறப்படுத்தியமைக்கான புகைப்படத்தை இணைத்து அனுப்பவும்.'"

படித்து முடித்தவர், சிரிப்பு தாங்காமல் துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "பரவாயில்லையே! உங்க பேர்ல ஒரு சைக்கிள்கூட இல்லைன்னு எங்க அண்ணன் குத்திக்காட்டுவான். ஆகாசத்துல பஸ்ஸே ஓடுது!"

"சிரிக்காத. பதினைஞ்சு நாள் கெடு குடுத்திருக்காங்க."

"கயிறு போட்டு இழுக்க வேண்டியதுதானே."

சிரிப்பு மூன்று நாள்தான் நீடித்தது. நான்காம் நாள் இரண்டு ஊழியர்கள் வந்தார்கள். மாடிக்குப் போய், தொலைநோக்கியின் நீளம் அகலத்தை டேப் வைத்து அளந்தார்கள். வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். அரக்கை உருக்கி நான்கு இடத்தில் சீல் வைத்தார்கள்.

"எதுக்குங்க இது?" என்று கேட்டார் டைம்கீப்பர்.

"விசாரணையில உள்ள பொருளோட தொடர்புள்ள கருவி. விசாரணை முடிஞ்சதும் தருவாங்க."

"எப்ப முடியும்?"

"பொருள் பதிவேட்டுல இருந்து நீங்கினதும்."

"தையல் மிஷினும் தொடர்புள்ளதுதான். அதுக்குப் பக்கத்துல நின்னுதான் லெட்டரைப் படிச்சேன். அதையும் தூக்கிட்டுப் போங்க," என்றார் மனைவி. ஊழியர்களில் ஒருவர் மெய்யாகவே மிஷினைத் திரும்பிப் பார்த்தார்.

அன்று டைம்கீப்பர் சரியாகச் சாப்பிடவில்லை. உரிமையாளர் பட்டம்கூடப் பெரிதில்லை. தொலைநோக்கி இல்லாவிட்டால், அந்த வியாழக்கிழமை அவர் எதைக் கொண்டு பார்ப்பார்? விஷயம் இதுதான்: அன்றைக்கு நிலா நாலாம் பிறை. மெல்லிய கீற்று மட்டும் வெளிச்சமாக இருக்கும். மிச்சப் பகுதி, பூமியிலிருந்து பட்டுத் திரும்பும் ஒளியில், சாம்பல் பூத்த தணல்போல மங்கித் தெரியும். டப்பா விழப்போவது அந்த மங்கிய பக்கத்தில். வினாடிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் வருவது மண்ணில் குத்தி நிற்கும்போது, அந்த வேகமெல்லாம் சூடாக மாற வேண்டும். அதனால் பளிச்சென்று ஒரு வெளிச்சம் கிளம்பலாம். அதிகம் போனால் அரை வினாடி. கண்ணுக்குத் தெரியுமா என்பதும் நிச்சயமில்லை. தெரிந்தால், நாற்பத்தோரு தடவை போட்ட கணக்கு சரி. தெரியாவிட்டால், சரியா தப்பா என்று இந்த ஜென்மத்தில் தெரியப் போவதில்லை. இன்னொரு தடவை விழு என்று அதைக் கேட்க முடியாது.

கெடு முடிந்த மறுநாள் விசாரணை. நான்காம் மாடியில் இயக்குநரின் அறை. இயக்குநர் கனத்த குரல்காரர். இரண்டு பேர் எதிரே இருந்தாலும் இரண்டாயிரம் பேருக்குப் பேசுவதுபோலப் பேசுவார். எழுத்தர் பதிவேட்டோடு ஓரத்தில் நின்றார்.

"இந்தத் துறைக்கு நாற்பது வயசு," என்று ஆரம்பித்தார் இயக்குநர். "இந்த நாற்பது வருஷத்துல ஒரு பொருள்கூட எங்க அனுமதி இல்லாம எங்கேயும் விழுந்ததில்லை. தெரியுமா உங்களுக்கு?"

"அனுமதியோட எத்தனை விழுந்துச்சுங்க?" என்று டைம்கீப்பர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"எதுவும் விழலை. நாங்க யாருக்கும் அனுமதி குடுத்ததே இல்லை. அவ்வளவு கண்டிப்பு!"

"விழுந்திருந்தா தெரியுமா சார்?"

"எப்படித் தெரியும்? விழுந்ததை நேர்ல பார்த்து எழுத ஒரு கட்டம் இருக்கு. நாற்பது வருஷமா காலியாவே இருக்கு. அதுதான் எங்க சாதனை." பதிவேட்டைத் தட்டிக்காட்டினார். "இதுல நாலாயிரத்து நானூத்துப் பதினேழு பொருள் ஏறியிருக்கு. ஒண்ணுகூட இறங்கலை. எந்தத் துறை இப்படி மார்தட்ட முடியும், சொல்லுங்க?"

ஆயிரம் வண்டி கிளம்பி ஒன்றுகூட வந்து சேராத பஸ் நிலையத்தை டைம்கீப்பர் கற்பனை செய்துகொண்டிருந்தார்.

அந்த வாரம் விஷயம் திசை திரும்பியது. கடல் தாண்டி இருந்த பெரிய வானாய்வு நிலையம் ஒன்று அதே டப்பாவைப் பார்த்து, அதே நாளையும் அதே நேரத்தையும் அறிவித்தது. பத்திரிகைகளில் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் துறைக்குக் கடிதம் எழுதினார்கள். நேற்றுவரை அத்துமீறலாக இருந்தது, இன்றைக்குத் துறையின் பெருமையாகிவிட்டது. "நிலவு மோதல் விழா" என்று கோப்புக்குப் புதுப் பெயர் சூட்டி, கூட்டம் போட்டார்கள். உரிமையாளர் என்ற முறையில் டைம்கீப்பருக்கும் அழைப்பு வந்தது.

"விழா என்னைக்கு?" என்று கேட்டார் இயக்குநர்.

"வியாழக்கிழமை சார், ஏழு மணி எட்டு நிமிஷம்," என்றார் எழுத்தர்.

இயக்குநர் டைரியைப் புரட்டினார். "வியாழக்கிழமை நான் வெளியூர்ல இருக்கேனே. நேர நிர்வாகம் பத்திக் கருத்தரங்கு. நான்தான் தலைமை. வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிடுங்க."

"விழாவைத்தானே சார்?" என்று கேட்டார் டைம்கீப்பர்.

"மோதல் இல்லாம என்ன விழா? ரெண்டையும்தான்."

டைம்கீப்பர் எழுந்து நின்றுவிட்டார். "சார், அதைத் தள்ள முடியாதுங்க."

"ஒரே ஒரு நாள்தானே?"

"அதுல பிரேக் இல்லைங்க. ஓட்டுறதுக்கும் ஆள் இல்லை. பஸ்ஸுன்னா விசில் ஊதி நிறுத்திடுவேன். இது வினாடிக்கு ரெண்டரை கிலோமீட்டர் வருது. இங்கேருந்து அடுத்த ஊருக்குப் பதினஞ்சு எண்ணுறதுக்குள்ள போயிடும்."

"அவ்வளவு வேகமா?" இயக்குநர் புருவத்தை உயர்த்தினார். "அது வேற விதிமீறலாச்சே. வேகத்தைக் குறைக்கச் சொல்லி உரிமையாளருக்கு ஒரு கடிதம் போடுங்க."

எழுத்தர் அங்கேயே எழுதினார். இயக்குநர் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் மேசையைச் சுற்றி நான்கு எட்டு நடந்து வந்து அதை டைம்கீப்பரிடம் நீட்டினார்.

"பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து சார்."

போட்டார்.

"பாருங்க," என்றார் இயக்குநர், குரலில் கனிவு வந்திருந்தது. "நீங்க கணக்கு தெரிஞ்சவர். நான் நிர்வாகம் தெரிஞ்சவன். உங்க அனுபவத்துல ஒரு வண்டியாவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கா? எல்லாம் ஒரு நாள் முன்னே பின்னே ஆகும். கவலைப்படாதீங்க."

மறுநாள் சுற்றறிக்கை வந்தது: "நிர்வாகக் காரணங்களுக்காக, வியாழக்கிழமை நடைபெறவிருந்த நிலவு மோதல் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒத்திவைக்கப்படுகிறது. பொதுமக்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்." இருநூறு நாற்காலிக்குச் சொல்லியாயிற்று. மேடையில் இயக்குநர் அழுத்துவதற்கு ஒரு சிவப்புப் பொத்தானும் தயாரானது. பொத்தானின் ஒயர் எங்கே போகும் என்று எழுத்தர் கேட்டதற்கு, மேசைக்கு அடியில் போகும் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு டைம்கீப்பர் தன் நோட்டை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, துறைக்குப் போனார். மனைவி கடைசிப் பொத்தானைத் தைத்துவிட்டு நேராக அங்கேயே வந்துவிட்டார்.

எழுத்தர் பை மாட்டிக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மேடம், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒரு மணி நேரம் என் தொலைநோக்கியைக் குடுங்க. சீலை நானே திருப்பி வச்சுக் குடுத்துடறேன்."

"கைப்பற்றின கருவி இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகக் கூடாது சார்."

"அம்மா," என்றார் மனைவி. "இந்த மனுஷன் மூணு மாசமா அந்த டப்பாவை ஒரு நாள் விடாம பார்த்தாரு. எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இப்படிப் பக்கத்துல உக்காரலை. கடைசி நாள் மட்டும் பார்க்காம போனா, வாழ்நாள் பூரா நான்தான் அந்தப் புலம்பலைக் கேக்கணும். பெண்ணுக்குப் பெண் கேக்கறேன்."

எழுத்தரின் முகத்தில் ஏதோ அசைந்தது. பையை இறக்கிவைத்தார். விதிப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் புரட்டினார். விதிகளை மீறுவது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்தவர் அந்தத் துறையிலேயே அவர் ஒருவர்தான்.

"வெளிய போகக் கூடாது. ஆனா, 'உரிமையாளர் முன்னிலையில், வேலை செய்கிறதா என ஆய்வு செய்யும் பொருட்டு, சீலை அகற்றலாம்.' அலுவலர் ஒருத்தர் கூட இருக்கணும். நான் இருக்கேன். நாலாவது மாடி ஆவண அறையில இருக்கு. மேற்கு ஜன்னல்."

"மேற்கா?" என்று டைம்கீப்பர் கத்தியேவிட்டார். பிறை மேற்கில்தானே.

மூன்று பேரும் படியேறினார்கள். கோப்புக் கட்டுகளை ஜன்னலிலிருந்து நகர்த்தவே இருபது நிமிடம் ஆயிற்று. மனைவி தையல் கத்தரியால் சீலைப் பிரித்தார். கோப்புகளையே அடுக்கி முட்டுக்கொடுத்து, குழாயைச் சாய்த்து நிறுத்தினார்கள். ஆறே முக்காலுக்கு வானம் ஊதா நிறமாகி, கூரைகளுக்கு மேலே பிறை தெளிந்தது. டைம்கீப்பர் குனிந்து பார்த்தார். மங்கிய பக்கம் தெரிந்தது. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"ஒண்ணு சொல்லணும் சார்," என்றார் எழுத்தர் தயக்கத்தோடு. அவர் கையில் பதிவேடும் இருந்தது. "முப்பத்தோராம் விதி. ஒரு பொருள் அழிஞ்சதை துறை அலுவலர் ஒருத்தர் தன் கண்ணால பார்த்து எழுதினா, அன்னைக்கே அது பதிவேட்டுல இருந்து நீங்கிடும். விசாரணையும் முடிஞ்சுடும். அப்புறம் நீங்க உரிமையாளர் இல்லை. கருவியையும் இப்பவே தூக்கிட்டுப் போகலாம்."

"அலுவலரா?"

"அலுவலர்தான். நீங்க பார்த்தா செல்லாது. நான் பார்க்கணும்."

குழாய் ஒன்று. அதில் கண் வைக்கும் ஓட்டையும் ஒன்றுதான். அந்த வெளிச்சம் அரை வினாடி. ஒருவர் பார்த்து இன்னொருவருக்கு இடம் விடுவதெல்லாம் நடக்காது. டைம்கீப்பர் பார்த்தால், மூன்று மாத ஆசை தீரும். ஆனால் டப்பா விழுந்து தூளான பிறகும் பதிவேட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு அவர் உரிமையாளராகவே இருப்பார். தொலைநோக்கி இந்தக் கோப்புகளுக்கு நடுவில் துருப்பிடிக்கும். இனி எதையுமே பார்க்க முடியாது.

"மணி என்ன?" என்றார் மனைவி.

"ஏழு மூணு."

"அஞ்சு நிமிஷம் இருக்கு. யோசிங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அவருடைய கல்யாண வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. டைம்கீப்பர் இன்னொரு முறை குனிந்து, நிலாவை வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தார். பிறகு நிமிர்ந்து நகர்ந்துகொண்டார்.

"வாங்க மேடம். கண்ணாடியைக் கழட்டிடுங்க. இதைத் தொடாதீங்க, ஆடிடும். வெளிச்சமான கீத்தைப் பார்க்காதீங்க, கண்ணு கூசிடும். அதுக்கு மேல மங்கலா ஒரு வயிறு தெரியுதா?"

"தெரியுது சார்! ஐயோ, உருண்டையாவே இருக்கு!"

"அந்த வயித்துலயே கண்ணை வச்சுக்கோங்க. இமைக்காதீங்கன்னு சொன்னாத்தான் இமைக்கத் தோணும். அதனால சொல்லலை."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார். அன்று காலை வானொலியின் நேர ஒலிக்கு வினாடி பிசகாமல் சரிசெய்து வைத்தது. ஏழு மணி எட்டு நிமிடம். மனைவி அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பத்து வினாடி. அஞ்சு. நாலு. மூணு. ரெண்டு. ஒண்ணு."

ஒன்றுமில்லை. எழுத்தர் அசையவில்லை. டைம்கீப்பரின் நினைப்பு கணக்குக்கு ஓடியது. வெயிலின் தள்ளைத் தப்பாகப் போட்டுவிட்டேனா? நாற்பத்தோரு மாலையும் போச்சா?

அந்த மனிதர் ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டார். பஸ் வந்தால், வந்த உடனே தெரியும். நிலா அப்படி இல்லை. அங்கே நடப்பதை இங்கே கொண்டுவர வெளிச்சத்துக்கே ஒன்றேகால் வினாடி பிடிக்கும்.

"ஆத்தாடி!" என்று அலறினார் எழுத்தர்.

டைம்கீப்பரின் கண் முள்ளிலேயே இருந்தது. இருபத்தொன்றைத் தாண்டிக் கொஞ்சம். அவர் கணக்கில் ஒரு வினாடிகூடப் பிழையில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தார். மனைவி அவர் தலையில் செல்லமாகக் குட்டினார்.

எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பதிவேட்டைத் திறந்து, நாற்பது வருடமாக யாரும் தொடாத கட்டத்தில், தன் நான்கு நிறப் பேனாவில் நல்ல நிறமாக ஒன்றைத் தேர்ந்து எழுதினார்: "நேரில் கண்டேன்." நேரத்தை டைம்கீப்பர் சொன்னார். கையெழுத்தைப் போட்டு, ஊதிக் காயவைத்து மூடினார். ஏழரைக்கு டைம்கீப்பரும் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, தொலைநோக்கியைப் படியிறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள்.

விழா மட்டும் வெள்ளிக்கிழமை நடந்தது. அழைப்பிதழ் அடித்தாயிற்றே. பதிவேட்டிலிருந்து பொருள் நீங்கிவிட்டதை எழுத்தர் காலையிலேயே எழுதி மேலே அனுப்பினார். வெளியூரிலிருந்து திரும்பிய இயக்குநர் அதைப் படித்து, "விழா முடிந்தபின் பரிசீலிக்கலாம்" என்று ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்.

மாலையில் இருநூறு நாற்காலியும் நிறைந்தன. வானம் முழுக்க மேகம். இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார்.

"இயற்கை தன் இஷ்டத்துக்கு நடக்கும்னு சொல்றவங்க உண்டு. முறையா சுற்றறிக்கை அனுப்பினா அதுவும் கேக்கும்னு இன்னைக்கு நிரூபிக்கிறோம்!" என்று சொல்லி, சிவப்புப் பொத்தானை அழுத்தினார். எல்லோரும் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார்கள். இயக்குநரும் பார்த்தார். பத்து வினாடி கழித்து, "மேகங்களுக்கு அப்பால், மோதல் வெற்றிகரமாக நடந்து முடிந்தது!" என்று அறிவித்தார். முன்வரிசை கை தட்டியது.

டைம்கீப்பரும் மனைவியும் எழுத்தரும் கடைசி வரிசையில் இருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் திரும்பி, "உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

"இன்னைக்கு என்ன தெரியும்? நேத்து நான் பார்த்தேன்," என்றார் எழுத்தர்.

"என்னத்தை?"

"அது விழுந்ததை. என் ரெண்டு கண்ணால. இல்லை, ஒரு கண்ணால."

அவர் சொல்ல ஆரம்பித்தார். மங்கலான வயிறு எப்படி இருந்தது, அதில் ஊசி குத்தினதுபோல எந்த இடத்தில் ஒரு வெள்ளை முளைத்தது, எப்படிச் சிவந்து, கண் இமைப்பதற்குள் எப்படி அணைந்தது. கைகளாலும் சொன்னார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மடியில் விழுந்ததுகூடத் தெரியவில்லை. பெரியவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாளும் திருப்பினார். பிறகு அந்த வரிசை, அதற்கு முன் வரிசை என்று நாற்காலிகள் தரையில் கிறீச்சிடும் சத்தம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. இயக்குநர் இரண்டாவது உரையைத் தொடங்கியபோது, எதிரே இருநூறு முதுகுகள் இருந்தன.

"சிவப்பாச்சுன்னு நேத்து சொல்லலையே மேடம்," என்றார் டைம்கீப்பர்.

"சொல்லலையா? ஆச்சு சார். கடைசியா, அணையறப்ப."

"எந்தப் பக்கம்? கீத்துல இருந்து எவ்வளவு தள்ளி?"

"உங்களுக்கு இதோட பதினாலாவது தடவை சொல்றேன்," என்றார் எழுத்தர்.

"பரவாயில்லை," என்று டைம்கீப்பரும் தன் நாற்காலியை இழுத்து, அவருக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "முதல்ல இருந்து சொல்லுங்க."